நாலாகக் கிழித்த சீட்டு

மதினி எதையும் முழுசாக ஒருத்தர் கையில் கொடுக்க மாட்டாள். கிழிப்பாள்.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பேர் வெடிக்குக் குழாய் உருட்டினோம். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்தால் குழாய். மருந்து அடைக்கிற வேலை கம்பெனிக்குள்ளே. குழாய் உருட்டுகிற வேலை வெளியே, எங்களைப் போன்றவர்களுக்கு. மதினிதான் கம்பெனியில் ஆர்டர் வாங்கி வருவாள். அவளுடைய ஓலை வேய்ந்த செட்டில் உட்கார்ந்து உருட்டுவோம். மதினி, நான், பேச்சி, எஸ்தர். மதினி எனக்குச் சொந்தம் கிடையாது. ஊரே அவளை மதினி என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

லோடு கொண்டு போய் இறக்கினால் ஒரு அட்டை தருவார்கள். எவ்வளவு குழாய் என்று அதில் எழுதியிருக்கும். சனிக்கிழமை அட்டையைக் கொடுத்தால் கூலி. மதினி அட்டையை வாங்கின கையோடு நாலாகக் கிழிப்பாள். ஆளுக்கு ஒரு துண்டு. நாலு துண்டும் சேர்ந்தால்தான் எழுத்துத் தெரியும். ஆகையால் நாலு பேரும் சேர்ந்து போனால்தான் கூலி.

முதல் தடவை கணக்கப்பிள்ளை திகைத்துப் போனார்.

"என்னம்மா, கம்பெனி அட்டையை எலி கடிச்சிருச்சா?"

"எலி இல்லீக. நான்தான் கிழிச்சேன். சேத்து வச்சுப் பாருங்க, சரியா இருக்கும்."

"எதுக்கும்மா இது?"

"ஒருத்தர் கையில முழுசா இருந்தா அது அவுகளைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் பாடு எதுக்கு?"

அவர் சிரித்தார். பிறகு பழகிக்கொண்டார். எங்களைக் கண்டால் மேசையில் கிடப்பதை ஒதுக்கி இடம் பண்ணுவார். நாங்கள் துண்டுகளை வைத்துச் சேர்ப்போம்.

அவளுக்கு ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவளுடைய அண்ணன் பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்திருந்தார், பிறகு நிலமே அவருடையதாகிவிட்டது என்று சொல்வார்கள். அவள் அண்ணனைத் திட்டி நான் கேட்டதில்லை. "பெட்டியில இருந்துச்சு. அரிச்சிருச்சு. அவரு என்ன செய்வாரு" என்பாள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு போவாள்.

அம்மா செத்தபோது ஒரே ஒரு பட்டுச்சேலை இருந்ததாம். அக்கா தங்கச்சி மூன்று பேர். மதினி அதை மூன்றாகக் கிழித்தாளாம். யாராலும் கட்ட முடியவில்லை. இதை என்னிடம் சொன்னவள் அவளுடைய தங்கச்சி. சொல்லும்போது சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சிக்கு வாய் சும்மா இருக்காது.

"புருசனை மட்டும் கிழிக்காம விட்டீகளே மதினி."

"அவரு தானாப் போயிட்டாரு. எனக்கு வேலை வைக்கல."

அவர் கொழும்புக்குப் போனவர். வரவில்லை.

மதினியால் உட்கார்ந்து இருக்க முடியாது. குழாய் உருட்டும்போது காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். நடுவில் எழுந்து போய்ப் பசைச் சட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். தெருவை எட்டிப் பார்ப்பாள். திரும்ப வந்து உட்காருவாள். பக்கத்தில் இருக்கிற நமக்கும் அது தொற்றிக்கொள்ளும். அவளோடு ஒரு நாள் உருட்டினால் ஊரெல்லாம் நடந்த மாதிரி இருக்கும்.

ஒரு தடவை எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. பேச்சி பிள்ளைப்பேறுக்குத் தாயில்பட்டிக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அட்டைத் துண்டு இடுப்பு முடிச்சில் அவளோடு போய்விட்டது. எங்களுக்குக் கூலி இல்லை. என் வீட்டில் அரிசி இல்லை. மதினி வெயிலில் நடந்து போய்த் துண்டைக் கேட்டாள். பேச்சி தரவில்லை.

"நீங்கதானே மதினி சொன்னீக, ஒருத்தர் கையில குடுக்கப்பிடாதுன்னு. ரெண்டு துண்டு உங்க கையில எப்படிக் குடுக்க?"

மதினி திரும்பி வந்து இதை எங்களிடம் சொன்னாள். பேச்சி மேல் கோபம் இல்லை. முகத்தில் பெருமைதான் தெரிந்தது. "கத்துக்கிட்டா பாத்தியா" என்றாள்.

கடைசியில் மாட்டு வண்டி பிடித்து, பச்சைப் பிள்ளையோடு பேச்சியை ஏற்றி வந்தோம். கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். பேச்சி வண்டியை விட்டு இறங்கி, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் துண்டைத் தானே வைத்தாள்.

சீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு வெகு முன்னால் சாத்தூர்ச் சந்தையில் ஒருவன் பாத்திரக் குலுக்கல் நடத்தினான். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பெயர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டிக் குடத்தில் போட்டு ஒன்று எடுப்பான். பெயர் வந்தவருக்கு அண்டா. மதினியும் நானும் பார்க்கப் போனோம். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"சீட்டைச் சுருட்டினது யாரு?"

"நான்தான்."

"குடத்துல போட்டது?"

"நான்தான்."

"எடுக்கப் போறது?"

"நான்தாம்மா."

"அப்ப நாங்க எதுக்கு இங்கன நிக்கோம்?"

கூட்டம் சிரித்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நாளில் போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. தனியாள் குலுக்கல் நடத்துவது சட்டப்படி குற்றம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பணம் கட்டினவர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதார்கள்.

அறுபதுகளின் கடைசியில் சர்க்காரே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. சாத்தூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர் ஏஜெண்டு ஆனார். கடை வாசலில் சீட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். மதினி அவரையும் விடவில்லை.

"அன்னைக்கு ஒருத்தனைப் பிடிச்சு உள்ள வச்சீக. இன்னைக்கு நீங்களே செய்தீக?"

"அவன் செஞ்சது குத்தம்மா. சர்க்காரு செஞ்சா ஆஸ்பத்திரி கட்டுறதுக்கு. மலையாளத்துல நமக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டாக. வெளிநாட்டுலயெல்லாம் ரொம்ப காலமா இருக்காம்."

"அங்கன எப்படிக் குலுக்குதாக?"

"எங்கேயும் ஒரே மாதிரிதான். மேடை போட்டு, எல்லாரும் பாக்கச் சக்கரம் சுத்துவாக. சுத்துறவரு வேற. எழுதுறவரு வேற. கூடப் பெரிய மனுசக நாலு பேரு உக்காந்து பாப்பாக."

எல்லாம் ஒருத்தர் கையில் இல்லை என்று மதினிக்குத் தெரிந்தது. அவள் எதிர்பார்த்த பதில் அது.

"அப்ப சரி" என்றாள்.

ஆனால் அன்றைக்கு வாங்கவில்லை. எஸ்தருக்காகத்தான் வாங்கினோம்.

எஸ்தருக்கு அப்போது பதினெட்டு இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுடைய அப்பா அதே பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். அவளுக்குக் கீழே மூன்று தங்கச்சிகள். மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். சேர்த்துக்கொள்கிறோம் என்று கடுதாசி வந்துவிட்டது. உடுப்பு, பெட்டி, கட்ட வேண்டிய பணம், எல்லாம் அதில் எழுதியிருந்தது. சேர வேண்டிய நாளும் எழுதியிருந்தது. அந்த நாள் போனால் இடம் போச்சு. அப்பா கையை விரித்துவிட்டார். லாரி ஓட்டுகிற அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எஸ்தர் குழாய் உருட்டிக்கொண்டே அழுவாள். பசையில் கண்ணீர் விழும். "காகிதம் நனையுது புள்ள" என்பாள் மதினி. வேறு ஆறுதல் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் மதினியே சொன்னாள்.

"ஆளுக்கு நாலணாப் போடுங்க. ஒரு சீட்டு வாங்குவோம். விழுந்தா நாலு பங்கு. எஸ்தர் பங்குல அவ போகட்டும்."

"விழுந்தா..." என்றாள் பேச்சி. "விழுந்தா நான் கணக்கப்பிள்ளை நாற்காலியில உக்காந்து ஒரு காப்பி குடிப்பேன்."

சீட்டு வந்தது. பச்சையும் சிவப்புமாக நல்ல காகிதம். எங்கள் கையில் அப்படிக் காகிதம் வந்ததில்லை. எஸ்தர் தடவிப் பார்த்துவிட்டு மதினியிடம் கொடுத்தாள். மதினி அதை மடித்தாள். மடித்த இடத்தில் நகத்தால் கீறினாள். நாலாகக் கிழித்தாள்.

எங்களில் ஒருத்திக்கும் வேண்டாம் என்று தோன்றவில்லை. அட்டையைக் கிழிக்கிறோம், சேர்த்து வைக்கிறோம், கூலி தருகிறார்கள். உலகத்தில் எல்லா மேசையும் அந்தக் கணக்கப்பிள்ளை மேசை மாதிரிதான் என்று நினைத்துவிட்டோம்.

என் துண்டில் நாலும் ஏழும் இருந்தன. பேச்சியிடம் ரெண்டு எண். மதினியிடம் ரெண்டு எண். எஸ்தரிடம் எழுத்து.

பேப்பரில் முடிவு வந்த அன்றைக்கு டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். பேச்சி பால் வாங்கப் போனவள் ஓடி வந்தாள். "என் ரெண்டும் விழுந்திருச்சு! ஏட்டி, உன்னுது என்ன?" நான் நாலு, ஏழு என்றேன். அவள் திரும்ப ஓடினாள். "இருக்கு!" என்று தெருவில் இருந்தே கத்தினாள். மதினி தன் துண்டை எடுத்துக்கொண்டு தானே போனாள். எஸ்தர் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே தன் எழுத்தைச் சொல்லி அனுப்பினாள்.

விழுந்திருந்தது. முதல் பரிசு இல்லை. கீழே இருக்கிற பரிசுகளில் ஒன்று. ஆனாலும் எஸ்தர் பங்கு மட்டுமே பெட்டிக்கும் உடுப்புக்கும் கட்ட வேண்டிய பணத்துக்கும் தாராளம்.

நாலு பேரும் சாத்தூர் போனோம். ஏஜெண்டு மேசையில் நாலு துண்டையும் வைத்தோம். அவர் எங்களைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவதிம்மா கிழிச்சது?"

"நான்தான்" என்றாள் மதினி.

அவர் துண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பொடி எழுத்தை வாசித்தார். கிழிந்த சீட்டுக்கும் திருத்தின சீட்டுக்கும் பரிசு இல்லை. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். கூட்டுப் பங்கெல்லாம் சர்க்கார் கணக்கில் கிடையாது.

"எந்த ஊர்லயும் இதான்மா சட்டம். கிழிச்சதை எடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு துண்டோட வந்து நிப்பான்."

மதினி கயிற்றில் தொங்கிய சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவர் முன்னால் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்தாள். விற்ற சீட்டுகளின் அடிக்கட்டை அதில் மிச்சமிருந்தது.

"இது என்னது?"

"அடிக்கட்டை. சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு இதை ஆபீசுக்கு அனுப்பணும். ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாப்பாக."

"நீங்களும் கிழிச்சு ஒரு துண்டை வச்சிக்கிடுதீகள்ல?"

ஏஜெண்டு வாய்விட்டுச் சிரித்தார். "வச்சிக்கிடுதோம். ஆனா அது சர்க்காரு கிழிச்சது." பிறகு, "ஒட்டி, ஒரு மனு எழுதி, பட்டணத்து ஆபீசுக்கு அனுப்பிப் பாப்போம். கிடைச்சாலும் கிடைக்கும். கிடைக்காமலும் போவும். மனுவுல ஒரே ஒரு பேருதான் இருக்கணும்" என்றார்.

எஸ்தர் ஊருக்குப் போய்ப் பசை எடுத்து வருகிறேன் என்றாள். மதினி தடுத்தாள். எங்கள் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். அது காகிதத்தில் நீலம் ஏற்றிவிடும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கைப்பிடி சோறு வாங்கி வந்து, பருக்கையை நசுக்கி, மெல்லிய தாளில் வைத்து ஒட்டினோம். எங்கள் கைகளுக்குக் காகிதம் சொன்னபடி கேட்கும். ஆனாலும் கோடு தெரிந்தது.

பெயருக்குத்தான் தடுமாறினோம். பேச்சி, தன் புருசன் கையில் கடுதாசி சிக்கினால் அன்றைக்கே சாராயம் என்றாள். என் மாமியார் என்னை விடமாட்டாள். மதினி தன் பேரு வேண்டவே வேண்டாம் என்றாள். எஸ்தருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவள் வீட்டுக்குத் தபால்காரர் வருவார். எஸ்தர் பெயரைப் போட்டோம்.

வரும் வழியெல்லாம் மதினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு இருக்க முடியவில்லை. தபால்காரர் மணி கேட்டால் எழுந்துவிடுவாள். எஸ்தரிடம் தினமும் கேட்பாள், "வந்துச்சா?" அவள் உருட்டின குழாய்கள் தளர்ந்து கிடந்தன. கம்பெனியில் ஒரு லோடைத் திருப்பிவிட்டார்கள். அவளுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. எஸ்தர் சேர வேண்டிய நாள் நெருங்கியது.

பிறகு எஸ்தர் வேலைக்கு வருவது நின்றது. காய்ச்சல் என்றார்கள். அந்த வாரமே அவள் வீட்டுக்கு வண்டியில் புதுக் கட்டில் வந்து இறங்கியது. பேச்சிதான் பார்த்துவிட்டு வந்தாள்.

"மதினி, சர்ச்சில எஸ்தருக்கு ஓலை வாசிச்சாச்சாம். ரெண்டு ஞாயிறு ஆயிருச்சாம். வர்ற ஞாயிறு மூணாவது."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் பெயர் வாசிப்பார்கள். தடை சொல்ல யாரும் இல்லாவிட்டால் கல்யாணம்.

நான் தண்ணீர்க் குழாயடியில் எஸ்தரைப் பிடித்தேன். குடத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"பணம் வந்துருச்சுக்கா. என்னையக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினாக. அப்பா வச்சிருக்காக. ஆண்டவரே கல்யாணத்துக்குக் குடுத்திருக்காருங்காக."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்னைய யாரு கேட்டா?"

அதை அப்படியே மதினியிடம் சொன்னேன். அவள் கால் ஆடுவது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். நாங்கள் சர்ச்சுக்குள் போனதில்லை. செருப்பைக் கழற்றுவதா என்று தெரியாமல் பேச்சி கையில் பிடித்துக்கொண்டாள். கடைசியில் நின்றோம். பேச்சி பணத்துக்காக வந்திருந்தாள். நானும்தான். மதினியும் அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

போதகர் பெயர்களை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார். அது வழக்கமாகச் சொல்வது. யாரும் சொல்வதில்லை.

"இருக்கு" என்றாள் மதினி.

சபை முழுக்கத் திரும்பியது. போதகர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நீங்க யாரும்மா? எந்தச் சபை?"

"சபை இல்லீக. எஸ்தரு கூடக் குழாய் உருட்டுறவ."

"என்ன தடை?"

எஸ்தரின் அப்பா எழுந்துவிட்டார். "பணத்துக்கு வந்திருக்கா ஐயா! லாட்டரிப் பணத்துக்கு!"

"பணம் இருக்கட்டும். அதைப் பெறகு பேசுவோம்" என்றாள் மதினி. "ஐயா, எம்புட்டுப் பேரைக் கேக்கீக. இந்தச் சபையில இருக்கிற அம்புட்டுப் பேரையும் கேக்கீக. என்னையக்கூடக் கேட்டுட்டீக. அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேளுங்க."

பேச்சியின் கையில் இருந்து ஒரு செருப்பு விழுந்தது.

போதகர் எஸ்தரை எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவரும் பாவம்தான். இன்னும் மூன்று பிள்ளைகள் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"சொல்லும்மா. இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமா?"

"நான் நர்சுக்குப் படிக்கணும் ஐயா. புதன்கிழமை சேரணும். எனக்குக் கடுதாசி வந்திருக்கு."

சத்தம் மெல்லியது. ஆனால் கடைசியில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார் போதகர். மதினி உட்காரவில்லை. எஸ்தரின் அப்பா வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொண்டு வந்தார். கட்டிலுக்குப் போனது போக மிச்சம் இருந்தது. போதகர், எல்லாம் அமைதியாகட்டும், அதுவரை என்னிடம் இருக்கட்டும் என்றார்.

"உங்க கையிலயும் வேண்டாம் ஐயா" என்றாள் மதினி. "தப்பா நினைச்சுக்கிடாதீக."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே கிடந்த மேசையிலேயே நாலாகப் பிரித்தோம். கட்டில் அப்பாவோடு இருக்கட்டும், அதை யாரும் கேட்கக் கூடாது என்று மதினி சொன்னாள். என் பங்கில் ஒரு கறவை ஆடு வாங்கினேன். மதினி செட்டுக்குத் தகரம் போட்டாள். பேச்சி நாற்காலியில் உட்காரவில்லை. கணக்கப்பிள்ளை விடவில்லை. காப்பி மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

எஸ்தரின் அப்பா சாகும் வரை மதினியோடு பேசவில்லை. லாரிக்கார மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். ஊரில் மதினியைப் பற்றி ரெண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு குடும்பத்தைச் சபையில் நிறுத்திவிட்டாள் என்று சிலர். அதுவும் உண்மைதான்.

புதன்கிழமை விடிந்ததும் நானும் பேச்சியும் எஸ்தரைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். மதினி வரவில்லை. லோடு இருக்கிறது என்றாள். திரும்பி வந்தபோது செட்டில் தனியாக உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போயிட்டாளா?"

"போயிட்டா மதினி."

"அழுதாளா?"

"இல்ல."

"நீ?"

"இல்ல."

"அப்ப ஏன் நிக்கே? உக்காரு. உருட்டு."